நாங்கள் அளந்த லயம்: வட்டவளைக்கு இரண்டாம் பயணம்

ஜூன் மாதத்தில் வட்டவளைக்குப் போகாதீர்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். மழை பிடித்தால் லேசில் விடாது. எங்களுக்கோ மாதம் பார்த்துப் போகிற வசதி இல்லை. கொழும்பில் நகர வடிவமைப்பில் முதுகலை படிக்கிறேன். படிப்பில் பாதி ஸ்டூடியோதான்: ஓர் இடத்தை எடுத்து, அளந்து, வரைந்து, அட்டையில் மாதிரி செய்து, கடைசியில் தேர்வாளர்கள் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். மார்ச்சில் போய் அளந்தோம். ஜூனில் நாங்கள் வடிவமைத்த புது வீடுகளின் மாதிரியைக் காட்டிக் கருத்துக் கேட்கப் போனோம்.

போனது நானும் குழுத்தோழி திலினியும். என் வீடு ஹட்டன் பஜாரில், கடைக்கு மேல்மாடி. அத்தனை பக்கத்தில் வளர்ந்தும் லயத்துக்குள் முதன்முதலில் கால் வைத்தது இந்தப் படிப்புக்காகத்தான். திலினிக்குத் தமிழ் தெரியாது. அதனால் பேச்சு முழுக்க என் தலையில்.

கொழும்புக் கோட்டையிலிருந்து விடியற்காலை ரயில். ஒரு விஷயம்: மேசை அகலத்துக்கு அட்டை மாதிரி வைத்திருந்தால் மூன்றாம் வகுப்பில் ஏறாதீர்கள். வடைக்காரர் கூடையோடு கடந்து போகும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. ஹட்டனில் இறங்கி, அம்மா கையால் சோறு சாப்பிட்டுவிட்டு, கொழும்பு பஸ் ஏறி, ரயிலில் கடந்து வந்த வட்டவளைக்குத் திரும்பி வந்தோம். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஆளுக்கு எண்பது ரூபாய். அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஓட்டோக்காரர் எண்ணூறு கேட்டார், அறுநூறுக்கு வந்தார்.

மடியில் இருந்த மாதிரியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்த ஓட்டோக்காரர், "வீட்டு வேல எப்பங்க தொடங்குது?" என்றார்.

"நாங்க படிக்கிற பிள்ளைங்க, அண்ணே."

"அது சரி. கதவுக்கெல்லாம் நம்பர் போட்டீங்கள்ல? தோட்டத்துல இந்த டிவிசன் பூரா அந்தப் பேச்சுதான்."

மார்ச்சில் வரைபடம் குழம்பாமல் இருக்கக் கதவுகளில் சோக்குக்கட்டியால் இலக்கம் எழுதினோம், உள்ளே போய் டேப் பிடித்தோம். தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்த வீடு புது வீட்டுத் திட்டத்தில் விழுந்துவிட்டது. திலினிக்கு அது தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் கதவு சசிகலா அக்காவுடையது. கொழுந்து எடுப்பவர். நாங்கள் போனபோது அறைக்குள் மூன்று மூலையில் சட்டி வைத்திருந்தார், மூன்றிலும் சொட்டிக்கொண்டிருந்தது. மகளுக்கு நான்கு வயது, இழுப்பு நோய்க்காரி. மூச்சுவிடும் சத்தம் வாசலுக்கே கேட்டது.

"போன மாசம் தோட்டத்துல கூரைக்குத் தகரம் குடுத்தாங்க, தங்கச்சி. நாங்க வேணாம்னுட்டோம். புது வீடு வரப்போவுது, பழசுக்கு எதுக்கு? பக்கத்து லயத்துக்குக் குடுங்கன்னு சொல்லிட்டேன்." பிறகு மாதிரியின் மேல் குனிந்தார். "இதுல எங்களது எது?"

திலினி என்னவென்று சிங்களத்தில் கேட்டாள். சொன்னேன். "இப்பவே உண்மையைச் சொல்லு" என்றாள்.

"அக்கா, இது எங்க படிப்புக்குச் செஞ்சது. இத வச்சு யாரும் வீடு கட்ட மாட்டாங்க. எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லங்க."

அவர் மாதிரியிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப எதுக்கு அளந்தீங்க?"

"படிக்கிறதுக்கு."

"படிங்க. அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? இந்த ஈரத்துல பிள்ளைய எங்க படுக்க வைக்கிறது?"

வேண்டாமென்ற தகரத்தைத் திரும்பக் கேட்க அவரோடு தோட்டத்து ஆபீசுக்கு ஏறிப்போனோம். தகரம் முடிந்துவிட்டது, அடுத்த முறை வந்தால் பார்க்கலாம் என்றார்கள். திரும்பும்போது அக்கா எங்களை விட்டு முன்னால் இறங்கிப் போனார்.

இதுமாதிரி ஸ்டூடியோ வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. குடை உதவாது, மழைக்கோட்டு கொண்டு போங்கள். ஓட்டோக்காரரிடம் திரும்பிவரும் நேரத்தையும் பேசிக்கொள்ளுங்கள், மேலே சிக்னல் கிடையாது. இலக்கத்தை உங்கள் தாளில் எழுதுங்கள், கதவில் எழுதாதீர்கள். டேப்பை வெளியே எடுக்கும் முன்னால் வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில், இதனால் வீடு வராது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லியும் உள்ளே கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

தேர்வு அடுத்த வாரம் நடந்தது. தேர்வாளர்களிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். 'மக்கள் பங்கேற்பு' என்ற பிரிவில் வகுப்பிலேயே அதிக மார்க் எங்களுக்குத்தான்.

வெளியே வந்தால் கொழும்பிலும் மழை. அக்கா மகளின் பாயை எங்கே இழுத்துப் போட்டிருப்பார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. நாங்கள் அளந்த அந்த அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. நனையாத மூலை ஒன்றுதான்.