அப்பாவின் விலாவில் வாளேந்திய சிங்கம்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பாவுக்கு இடது விலாவில் அக்கி வந்தது. நெஞ்சிலிருந்து முதுகுவரை பட்டையாகக் கொப்புளம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே விஷயம்தான். அது உடம்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் ஆள் தாங்கமாட்டார். இதை என் காதில் விழாமல் சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், எனக்கல்லவா சோறு இறங்கவில்லை!

அக்கிக்குக் காவி குழைத்துச் சிங்கம் எழுதுவது வழக்கம். அதையும் குயவர்தான் எழுத வேண்டும். எங்கள் தோட்டத்தில் குயவருக்கு எங்கே போவது? அம்மாவின் தம்பி, என் மாமா, மார்தட்டிக்கொண்டு முன்வந்தார். சுதந்திர தினத்துக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடச் சுவரில் இலங்கையின் தேசியக் கொடியான சிங்கக் கொடியை வரைந்தவர் அவர். அதனால் அவருக்குத் தெரிந்த சிங்கம் ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் விலாவில் வாலைத் தூக்கி, வாளை நிமிர்த்திப் பிடித்து அது எழுந்தருளியது.

"வாள் எதுக்குடா?" என்று கேட்டார் அம்மா.

"சும்மா இருங்கக்கா. வெறுங்கையோட நின்னா அக்கி பயப்படுமா?" என்றார் மாமா.

எனக்கு அந்தச் சிங்கத்தின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. தினமும் பள்ளிக்குப் போகுமுன், பூக்கட்டும் நூலை எடுத்துக் கொப்புளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்து முடிச்சுப் போட்டேன். அப்பா கையைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "எம்புட்டு வந்திருக்கு பாப்பா?" என்பார். நாலாம் நாளும் முடிச்சு அதே இடத்தில் நின்றது. மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஆனால் வலி குறையவில்லை. ஐந்தாம் நாள் அம்மா அப்பாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் நூலோடு போனேன். சிங்கள டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று அவருக்கு ஒரு கணம் குழப்பம்.

"ஐயா, இதுல எதுக்குக் கொடி ஏத்தினது?"

சிரித்து முடித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். "சின்னக் காலத்துல அம்மை வந்தது தானே? அதே கிருமி. அது போகல்ல. நரம்புக்குள்ள தூங்கினது, இப்ப எழும்பிட்டது. மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மருந்து இன்னும் நல்லா வேலை செய்யும்."

"ரெண்டு முனையும் சேந்துட்டா?" நான் நூலை நீட்டினேன்.

"சேராது மகள். இது ஒரு பக்கந்தான் வரும்."

காவியைக் கழுவ வேண்டும், மாத்திரையை நாளுக்கு ஐந்து தடவை விழுங்க வேண்டும், அம்மை வராத பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் நூலைப் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் எனக்கு அம்மை போட்டது. வீட்டில் தாளிப்பு நின்றது, என்னைத் திட்டுவதும் நின்றது. மாமா மட்டும் வாசலில் நின்று, "டாக்டர் என்ன வேணா சொல்லட்டும். வாளைப் பாத்துத்தான் அது நின்னுச்சு" என்று வாதாடிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சிங்கம் எழுதட்டுமா என்று அவர் கேட்டபோது நான் போட்ட கூச்சல் நாலு லயத்துக்குக் கேட்டது.

போன வருஷம் எனக்கே அக்கி வந்தது. கொப்புளத்தைக் கண்ட அன்றே டாக்டரிடம் ஓடினேன். மாத்திரை எடுத்தும், ரவிக்கை உரசினாலே நெருப்பை வைத்தாற்போல உயிர் போனது. என் மகன் பாசமாகத் துணியின் மேல் ஒரு விரலை வைத்தான். அலறிக்கொண்டு அவனைத் தள்ளிவிட்டேன்.

அப்பா ஒருநாளும் என்னைத் தள்ளவில்லை. நானோ, கணக்குத் தப்பிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு காலையும் இரண்டு தடவை அளந்தேன்.