தெரியாத இடத்தில் யானை

பெயிண்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையைத் தவிர அது வேறெங்கும் புழங்கவில்லை. தீவு முழுக்க அவருக்கு 'ஆகட்டும்' என்றுதான் பெயர். கடைக்குப் பலகை எழுத வேண்டுமா, ஆகட்டும். நாளைக்கே வேண்டுமா, ஆகட்டும். அதே நாளைக்கு இன்னொருவர் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமா, அதுவும் ஆகட்டும். ஏமாற்றுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எதிரில் நிற்பவரின் முகம் வாடுவதை அவரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். முகம் எப்படியும் மறுநாள் வாடத்தான் போகிறது. ஆனால் அப்போது அவர் எதிரில் இருக்க மாட்டார்.

இந்த வாயால் அவர் பட்டது கொஞ்சமா? மைத்துனி கல்யாணத்துக்கு முன்னால் மாமனார் வீட்டுக்கு வெள்ளையடித்துத் தருவதாகச் சொன்னவர், அதே வாரம் மருந்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தலையாட்டி வைத்தார். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியபோது முன்பக்கச் சுவர் மட்டும் புதுமணம் மாறாமல் வெள்ளையாக நின்றது. மற்ற மூன்று பக்கமும் பழைய காரை. மாமனார் நாற்காலிகளையெல்லாம் முன்பக்கம் போட்டு, வந்தவர்களை ஒருவரும் பின்னால் போய்விடாதபடி சாயங்காலம் வரை பேசியே உட்கார வைத்தாராம். அன்றிலிருந்து மருமகனோடு அவருக்குப் பேச்சு என்பது பேருக்குத்தான். தீவின் நடுவில் மலையடிவாரத்தில் அவர் ஊர். பெயிண்டரும் மனைவியும் இருப்பது துறைமுக ஊரில். ஒரே பஸ்தான். ஆனாலும் மகள் வீட்டுக்கு அவர் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை.

படகுத்துறையின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு நீளமான சுவர் சும்மா கிடந்தது. அதில் இந்தத் தீவின் பழைய வரைபடங்களைப் பெரிதாக எழுதி வைத்தால், படகுக்காகக் காத்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று நூலகத்து அம்மாவுக்குத் தோன்றியது. நூற்றாண்டுக்கு ஒன்றாக ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்தார். பெயிண்டரைக் கூப்பிட்டார்.

"இருக்கிறதை இருக்கிற மாதிரியே எழுதணும். ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முடியுமா?"

"ஆகட்டும் மேடம்."

பெயிண்டர் காகிதப் படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டார். சுவரில் சாக்பீஸ் பூசிய நூலைச் சுண்டி அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டார். காகிதத்தில் இந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அது சுவரில் அந்தக் கட்டத்தில். பலகை எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் முதல் படத்திலேயே கை நின்றுவிட்டது. கரை மட்டும் வளைந்து வளைந்து கத்தரிக்காய் மாதிரி ஓடியது. உள்ளே உள்ள கட்டங்களில் ஒன்றுமே இல்லை. அச்சு சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்தார்.

"பிரிண்ட்டுல கோளாறு மேடம். நடுவுல எல்லாம் விழாம போயிருக்கு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "கோளாறு இல்ல. வரைஞ்சவர் கப்பல்ல தீவைச் சுத்தி வந்தவரு. கரை தெரிஞ்சுது, வரைஞ்சாரு. உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியல. தெரியலேன்னு விட்டுட்டாரு."

பெயிண்டர் திரும்பி வந்து சாரத்தில் ஏறி உட்கார்ந்து, அந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியலேன்னு விட்டுட்டாரு. அப்படியும் விடலாமா? யார் கேட்கப் போகிறார்கள்? நாலு மலை, ரெண்டு ஆறு போட்டிருந்தால் அனுப்பி வைத்த ராஜாவே தலையாட்டியிருப்பாரே. பெயர் தெரியாத அந்தக் கப்பல்காரர் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

இரண்டாவது படத்தை வரைந்தவர் அந்த ரகம் இல்லை. இவரும் தீவுக்குள் வந்ததில்லையாம், ஆனால் காலி இடத்தைச் சகித்துக்கொள்ள முடியாதவர். உள்ளே முழுக்க மரம், மலை, யானை. கடலில் திமிங்கிலமா பாம்பா என்று தெரியாத ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஒரு ஆறு தீவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்த பெயிண்டரின் மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"நம்ம தீவுல ஏதுங்க யானை?"

"இல்ல. தெரியாத இடத்துல எல்லாம் யானை போட்டு வெச்சிருக்கார்."

"உங்க ஆளுதான்" என்றாள் அவள், டிபன் கேரியரைத் திறந்துகொண்டே. "நீங்களும் அப்படித்தானே. தெரியாத இடத்துல எல்லாம் ஒரு ஆகட்டும் போட்டு வெப்பீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. மறுக்க வழியில்லாததால் சாப்பிட்டார்.

மூன்றாவது படத்தில் கரை சரியானது, யானைகள் காணாமல் போயின. நான்காவதில் ரோடு வந்தது. அதற்குள் கூடத்தில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, எங்க தெருவைப் போடு என்றாள். கண்டக்டர், எங்க ஊரு டிப்போ இல்லாம என்ன மேப்பு என்றார். எல்லோருக்கும் சாரத்தின் மேலிருந்து ஆகட்டும், ஆகட்டும் என்று பதில் போய்க்கொண்டிருந்தது. அவர்களும் அதை நம்பவில்லை, சிரித்துக்கொண்டே படகேறினார்கள்.

நம்பியவர் ஒருவர்தான். சேதி மலையடிவாரம்வரை போய், மாமனார் தானாகவே போன் செய்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவராகச் செய்கிற போன்.

"மாப்பிள்ளை, எங்க ஊரு ஆதியிலேர்ந்து இருக்கிற ஊரு. அஞ்சு படத்துலயும் வரணும். முதல் படத்துல கட்டாயம் வரணும்."

"ஆகட்டும் மாமா."

"படங்களைத் திறந்து வைக்கிற அன்னைக்கு ஊர்க்காரங்களைக் கூட்டிக்கிட்டு வரேன்."

போனை வைத்ததும் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அது வாடியிருக்கவில்லை, அதுதான் கஷ்டம். அப்பா வருகிறார் என்று பூத்திருந்தது. அன்றைக்கே அவள் ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். அப்பா உட்கார நல்ல நாற்காலி எது என்று யோசித்தாள்.

திறப்புக்கு முதல் நாள் காலை, பெயிண்டர் சின்னப் பிரஷ்ஷைக் கருப்பில் தோய்த்துக்கொண்டு முதல் படத்தின் முன்னால் நின்றார். ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு பேர். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. மாமனார் மனசு குளிரும், மனைவி மனசு குளிரும். நூலகத்து அம்மா கவனித்தால் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு நாளும் அப்படித்தானே பார்த்துக்கொண்டார்?

கை எழவில்லை. வாழ்நாள் முழுக்க 'இங்கே வண்டியை நிறுத்தாதே', 'எச்சில் துப்பாதே' என்று எழுதிய கை. முதல் தடவையாக அவருக்கு ஒரு சுவர்மேல் ஆசை வந்திருந்தது. அந்தக் கப்பல்காரர் எவ்வளவு சுலபமாக ஒரு புள்ளி வைத்திருக்கலாம். வைக்கவில்லையே. அவர் வைக்காமல் விட்டதில் நான் எப்படி வைப்பது?

பிரஷ்ஷைத் தின்னரில் கழுவினார். வீட்டுக்குப் போய், முதல் படத்தில் ஊரைப் போடப் போவதில்லை என்று மனைவியிடம் சொன்னார். துவைத்த திரையைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"அப்பா வேன் எல்லாம் பேசிட்டாரு."

"தெரியும்."

"நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

போன் செய்தார். மாமனார் எடுத்த எடுப்பில், "மாப்பிள்ளை, காலையில பத்து மணிக்கு அங்க இருப்போம், சரிதானே?" என்றார். "ஆகட்டும் மாமா" என்று வாய் முந்திக்கொண்டது. வைத்துவிட்டார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் வேன் வந்து நின்றது. சலவை மடிப்புக் கலையாத சட்டைகளோடு ஊரே இறங்கியது. மாமனார் முன்னால் நடந்தார். கூடத்தில் படகுக்குக் காத்திருக்கிறவர்கள், நூலகத்து அம்மா, மீன்காரம்மா எல்லோரும் இருந்தார்கள். மாமனார் முதல் படத்தின் முன்னால் போய் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"எங்க ஊரு எங்க?"

"கடைசிப் படத்துல பேரோட இருக்கு மாமா. அதுக்கு முந்தினதுல புள்ளியா இருக்கு."

"இதுல?"

"இதுல இல்ல."

"போடறேன்னு சொன்னீங்களே."

மனைவி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு ஓரமாக நின்றாள். ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொன்னேன். முடியாது மாமா" என்றார் பெயிண்டர். அந்த வார்த்தை அவருக்கே புதிதாக இருந்தது. "உங்க மேல இருக்கிற பயத்துல சொல்லிட்டேன். இதை வரைஞ்சவர் தீவுக்குள்ள வரல. கப்பல்லேர்ந்து பாத்துட்டுப் போனவரு. உள்ள என்ன இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. நான் இன்னைக்கு அதுல ஒரு புள்ளி வெச்சா, அது அவரு சொன்ன பொய்யாயிடும். உங்க ஊரைப் பொய்யா எழுத எனக்கு மனசு வரல."

மாமனார் படத்தின் பக்கம் திரும்பினார். கரையோரமாகவே விரலைச் சுவரில் படாமல் ஓட்டிக்கொண்டு போனார், தீவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இறங்கவே இல்லையா?"

"இல்ல மாமா."

"ஒரு ஆறேழு மைல் உள்ள வந்திருந்தா நம்ம ஊரு."

"ஆமா."

"வந்திருந்தா ஒரு வேளை சோறு போட்டிருப்போமே" என்றார் மாமனார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். வந்த விருந்தாளி வாசலோடு திரும்பிப்போன வருத்தம். "அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தவன், பாவம், வெறும் வயித்தோட போயிருக்கான்."

ஊர்க்காரர்களில் ஒருவர், ஆமா, கிணத்துத் தண்ணியாவது குடிச்சிருக்கலாம் என்றார். இன்னொருவர், படுக்க இடம் கொடுத்திருக்கலாம் என்றார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சேர்ந்து அந்தக் கப்பல்காரரை உபசரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மனைவி தலைப்பைத் திருகுவதை விட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

படகு வர இன்னும் நேரம் இருந்தது. வெளியூர்ப் பயணி ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, இந்தப் படம் ஏன் பாதியில் நிற்கிறது, பெயிண்ட் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். மாமனார் அவர் கையைப் பிடித்துச் சுவருக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"தீரல. இந்த வெள்ளையா இருக்கு பாருங்க, இதுக்குள்ளதான் எங்க ஊரு. வரைஞ்சவன் வந்து பாக்கல. அதனால போடல."

"அப்படியா? நிஜமாவா?"

"சந்தேகமா இருந்தா அதோ எங்க மாப்பிள்ளையைக் கேளுங்க" என்றார் மாமனார். "அவர் சொன்னா சரியா இருக்கும்."

அந்தப் பயணி பெயிண்டர் பக்கம் திரும்பினார். "ஆமா சார், வரைஞ்சவருக்குத் தெரியல, தெரியலேன்னு விட்டுட்டாரு" என்றார் பெயிண்டர்.