மூன்று எம்.ஏ. தோற்ற சொல்

அக்காவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த அன்று எனக்குப் பத்து வயது. ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க வாயாடி என்று பேர் வாங்கியிருந்தேன். அக்கா ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, மதுரையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடமும் வாங்கி வைத்திருந்தாள். அப்பா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த இடம் தட்டிப்போச்சுன்னா மதுரைக்குப் போ. அமைஞ்சிட்டா கல்யாணம்தான்."

மாப்பிள்ளையின் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். மற்ற வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். இவர் அருஞ்சொற்பொருள் கேட்பாராம். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வான்ஹோப். ரொம்பப் பழைய இங்கிலீஷ் சொல்லு. இதுல மூணு எம்.ஏ. தோத்திருக்கு. நீ சொல்லு தாயி, பாப்போம்."

அப்பா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். எனக்கு விடை தெரியும். பரீட்சைக்கு அக்கா மொட்டைமாடியில் நடந்து நடந்து ஒப்பித்தபோது நோட்டைப் பிடித்துக்கொண்டு சரிபார்த்தவள் நான்தான்.

அக்கா தரையைப் பார்த்தபடி, "ஏதோ ஒரு நம்பிக்கைன்னு நெனைக்கேன் மாமா" என்றாள்.

பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை படித்தவள் சபையில் இப்படிச் சொதப்பலாமா?

"அக்கா தப்பாச் சொல்லுதா! நம்பிக்கையே அத்துப்போறதுதான் வான்ஹோப். கடவுளுக்குக்கூட நம்ம மேல இரக்கம் வராதுன்னு நெனைக்கது. பழைய எழுத்துல எல்லாம் அதப் பெரிய பாவம்னு சொல்லியிருக்கும், சோம்பேறித்தனத்துக்குப் பொறந்த பிள்ளைன்னு. அக்காதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா!"

பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பிள்ள கூச்சத்துல மறைக்கா. சின்னதுக்கே இம்புட்டுச் சொல்லிக் குடுத்திருக்கான்னா, இவ எம்புட்டுப் படிச்சிருப்பா! நாள் பாத்துருவோம் தம்பி."

அப்பா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்கள் கார் கிளம்பியதும் அக்காவிடம் ஓடினேன். தலையிலிருந்த பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை, அழவுமில்லை.

"நான் எதையாச்சும் விட்டுட்டேனாக்கா?"

"இல்ல. எல்லாஞ் சரியாத்தான் சொன்ன."

பாராட்டிவிட்டாள் என்று குதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். அந்தச் சொல்லின் பொருளை ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, அது என் கண்ணெதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தது தெரியவில்லை.