முனியாண்டி மலையில நட்ட சர்வே கொடி

இலங்கையில தோட்டத்துச் சனம் எங்க ஓட்டுரிமையைப் புடுங்கின புதுசு அது. ஓட்டு இல்லாதவன் சர்வேகாரங்களுக்கு நெலம் அளக்குற சங்கிலி இழுக்கலாம், அதுக்கு மட்டும் தடை இல்ல. கொஸ்லந்தக் காட்டுலருந்து தெக்கே கடற்கரை வரைக்கும் மேடு பள்ளம் எல்லாத்தையும் படத்துல ஏத்தணுமாம். அட்டைக்கு ரத்தம் குடுத்தது நாங்க.

எங்க தோட்டத்துக்கு மேல முனியாண்டி மலை. யாழ்ப்பாணத்து சர்வேயர் ஐயா சொன்னாரு: "உச்சியில கொடியை நடு தம்பி. நான் எதிர் மலை அப்புத்தளையில நிண்டு அதைப் பாத்து அளக்கோணும். முடிஞ்சால் கண்ணாடியை மின்னிக் காட்டுவன். அதுக்கு முன்னம் கொடியில கை வைக்காத."

உச்சியில இருந்தது சாமி கல்லு. பக்கத்துலயே மூங்கில நட்டு செவப்புக் கொடி கட்டினேன்.

மறுநாளு நாங்க வரிசையாக் குடியிருக்குற லயமே மலையைப் பாத்துக் கும்பிடுது. "முனியாண்டிக்குக் கொடி ஏறிருச்சு!" கொடி ஏறினா, எறங்குற வரைக்கும் தோட்டத்து எல்லையை ஒருத்தனும் தாண்டப்படாது. எங்க வழக்கம் அது.

"அடப் பாவிகளா, அது சர்வே கொடி!"ன்னு கத்தினேன்.

"கொடின்னா கொடிதான். பொத்து வாயை"ன்னாரு கங்காணி.

வெள்ளிக்கெழமை பசறையில எனக்குப் பரிசம். போகலைன்னா பொண்ணை அவ மாமன் மகனுக்குக் கட்டிக் குடுத்துருவாங்க. அவ மேல எனக்கு உசுரு. திருட்டுத்தனமா ஓடலாம்னா, "சாமி குத்தம்டா!"ன்னு அம்மா வாசப்படியில குறுக்கப் படுத்துக்கிட்டா. மூடுபனியோ வெலகுவேனாங்குது, அது வெலகாம ஐயா அளக்கவும் முடியாது.

வெள்ளி போச்சு. சனிக்கெழமை பொண்ணோட அப்பா, பொண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி வந்து, லயத்துக்கு முன்னால நின்னு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாரு. "சம்பந்தமும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம்!"

திரும்பினவரைக் கங்காணி மறிச்சாரு. "எல்லைக்குள்ள வந்துட்டீங்க. கொடி எறங்காம போகப்படாதுங்க."

முனியாண்டின்னா மனுசனுக்குக் குலை நடுக்கம். குடும்பத்தோட எங்க ஒத்தை அறைக் காம்பராவுலயே தங்கிட்டாரு. அம்மா சுட்ட ரொட்டியைத் தின்னுட்டு மொதநாளு மொறைச்சாரு, மறுநாளு இன்னும் ரெண்டு கேட்டாரு.

மலைத்தண்ணி விழுற பீலியில கொடம் புடிக்கையில அந்தப் பொண்ணு கேட்டா: "என்னைய இங்க வரவைக்கத்தான் கொடி நட்டீங்களா?"

"சத்தியமா இல்ல, சர்வேக்கு"ன்னேன். அவ மூஞ்சி தொங்கிப் போச்சு. என் வாயில மண்ணு!

செவ்வாக்கெழமை பனி வெலகுச்சு. அப்புத்தளையில பளிச்சு பளிச்சுன்னு மின்னுச்சு. "சாமி கண்ணைத் தொறந்துருச்சு!"ன்னு சனம் விழுந்து கும்பிட்டுச்சு. கொடியை எறக்கினேன்.

"சாமியே புடிச்சு வச்சிருக்கு, நான் யாரு குறுக்க நிக்க? பரிசத்தை இங்கேயே போட்டுருவோம்"ன்னாரு பொண்ணோட அப்பா.

தட்டு மாத்துறப்ப அவ காதுகிட்டப் போயி, "ஒனக்காகத்தான் நட்டேன்"ன்னேன்.

பச்சைப் பொய்யின்னு அவளுக்குத் தெரியும். ஆனா அன்னிக்குத்தான் என்னையப் பாத்து மொதத் தடவை சிரிச்சா.