மூன்றாவது குஞ்சு

என் மச்சான் ஒலி முகம்மது கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித் தோன்றாது. ஐந்து வேளை தொழுதார், யாரையும் ஏமாற்றவில்லை, என் அக்காவை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனாலும் தென்காசியில் அவரைப் போல என் உயிரை வாங்கிய மனிதர் வேறு யாரும் கிடையாது. அவர் கண்ணை மூடி மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

தொழில் நெசவு. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவர், இன்னொன்றில் அக்கா சைதூன் பீவி. நெசவாளிக்கும் பறவைக்கும் ஆகவே ஆகாது. பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்தும்போது, கஞ்சிக்கு ஆசைப்பட்டுக் குருவியும் மைனாவும் வரும். மேலே உட்கார்ந்திருக்கும் காக்கை வெள்ளை நூலில் எச்சம் போட்டுவிட்டுப் போகும். எங்கள் தெருவில் பிள்ளைகள் பேசப் பழகுவதற்கு முன்பே விரட்டப் பழகிவிடும். அதே தெருவில் பிறந்த இந்த மனிதர், காயும் பாவில் ஒரு மைனா வந்து உட்கார்ந்தால், அது எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் மைனாவை விரட்டிவிட்டு இவரைத் திட்டுவார்கள். இவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

இந்தப் பழக்கம் எப்போது பிடித்தது என்று அக்காவுக்கும் தெரியாது. நிக்காஹ் முடிந்து பெண் வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, வாய்க்கால் ஓரத்தில் இருந்த மீன்கொத்தி மீனைப் பிடிக்கிறவரைக்கும் மாப்பிள்ளை இறங்கி நின்றாராம். பெண் வீட்டில் பிரியாணி ஆறிப்போனதுதான் மிச்சம். எங்கள் வாப்பா அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

மற்ற மாதங்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சித்திரையும் வைகாசியும் வந்தால் அவரைப் பிடிக்கவே முடியாது. சுந்தரபாண்டியபுரம் பக்கத்துக் குளத்தில் தண்ணீர் வற்றி, மடை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தேங்கிக் கிடக்கும். சுற்று வட்டாரத்துப் பறவையெல்லாம் அந்தச் சேற்றுக்கு வந்து சேரும். விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுப்பார். முழங்கால்வரை சேறோடு திரும்பி வரும்போது மத்தியான லுஹருக்குப் பாங்கு சொல்லியிருப்பார்கள். சோற்றில் கை வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கரண்டி மூக்கு நாரை நான்கு வந்தது, நேற்று மூன்றுதான் என்று சொல்வார். அக்கா குழம்பை ஊற்றிவிட்டுத் தறிக்குப் போய்விடுவாள்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் முன் துண்டுகள் நெய்து முடிக்க வேண்டிய மாதங்களும் அவைதாம். குளிக்க வருகிற வெளியூர் ஜனம் துண்டு இல்லாமல்தான் வரும். தென்காசி நெசவாளி பாதி வருஷத்துச் சாப்பாட்டை அந்தச் சாரலில்தான் தேடிக்கொள்வான். நாரைக்கு இது தெரியாது. மச்சானுக்குத் தெரியும், தெரிந்துதான் போனார்.

ஐம்பத்தாறாம் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். என் மனைவி அலிமா ஐந்து மாதம். என் மாமனாருக்குக் கொழும்பில் கடை. துணைக்கு ஆள் வேண்டுமென்று எனக்குப் பயணக் காகிதங்களெல்லாம் எடுத்துவைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனால் மூன்று வருஷம் திரும்ப முடியாது. பிள்ளை பிறக்கும்போது நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பேன். ஊரிலேயே ஒரு பிழைப்பு அமைந்தால் போக வேண்டியதில்லை. அது அமைகிற மாதிரியும் இருந்தது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் பார்வதியம்மாள் என்றொரு ஆச்சி விடுதி வைத்திருந்தார். அதன் முன்பக்கத்தில் துண்டுக்கடை போட எனக்கு இடம் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

"சாரல் விழுத முதல் நாளு மத்தியானத்துக்குள்ள இங்கன துண்டு தொங்கணும் தம்பி. தொங்கலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன். பொறவு வந்து எங்கிட்ட நிக்கக் கூடாது."

தொங்கும் ஆச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். துண்டு நெய்யும் பொறுப்பை மச்சானிடம் கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அக்கா வீட்டை விட்டு வெளியே கொடுத்தால் அக்கா என்ன நினைப்பாள் என்று பார்த்தேன்.

பாவு இழுத்து உலர்த்துகிற எங்கள் பாவடியின் மேற்கு முனையில் ஒரு வாகைமரம் பட்டுப்போய் நின்றது. பாவின் ஒரு முனையை அந்த மரத்தில் கட்டுவதுதான் வழக்கம். ஒரு வீட்டுப் பாவு இழுக்கிற அன்று தெருவே வந்து கை கொடுக்கும். என் துண்டுக்கான பாவை இழுக்கப் பன்னிரண்டு பேர் விடியற்காலையில் வந்து நிற்கிறோம், கஞ்சி சட்டியில் ஆறுகிறது, மச்சான் மரத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்.

"இந்த மரத்துல கட்டாதீங்க. உள்ள மரங்கொத்தி முட்டை வச்சிருக்கு."

அண்ணாந்து பார்த்தோம். மூன்று ஆள் உயரத்தில், கைமுட்டி நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு பொந்து. அதிலிருந்து சிவப்புக் கொண்டையோடு ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பாவை இழுத்தால் மரம் ஆடும், ஆடினால் பறவை முட்டையை விட்டுப் போய்விடும் என்றார் மச்சான். ஒருவர் சிரித்தார், ஒருவர் காறித் துப்பினார், ஒலி முகம்மதுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று பள்ளிவாசல் தலைவரிடம் சொல்லப் போனார் ஒருவர். கடைசியில் புதிதாக ஒரு கம்பு நட்டுக் கட்டினோம். கஞ்சிப் பாரம் தாங்காமல் கம்பு சாய்ந்து, நனைந்த பாவு அப்படியே மண்ணில் விழுந்தது. என் துண்டுக்கான நூல் மண்ணில் புரண்டு கிடந்தபோது, மச்சான் மேலே பார்த்து, நல்ல வேளை, பறவை பயப்படவில்லை என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடி நூல் வாங்கி, மறுபடி பாவு இழுத்து, நூற்றைம்பது துண்டு நெய்ய வேண்டிய இடத்தில் அறுபதுதான் தேறியது. அதிலும் முக்கால்வாசி அக்கா நெய்தது. மச்சான் காலையில் குளம், மாலையில் மரத்தடி. முட்டை பொரிந்த அன்று தெருவில் எல்லோருக்கும் சொன்னார். குஞ்சு மூன்று என்று பிறகு சொன்னார். ஆணும் பெண்ணும் முறை வைத்து இரை கொண்டுவருகின்றன என்று அக்காவிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாளாம். அதற்கும் அவருக்கு அர்த்தம் விளங்கவில்லை.

வைகாசி இருபது வாக்கில் ஒரு நாள் விடிகிறபோதே செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று ஊளையிட்டது. மலை தெரியவில்லை. முகத்தில் பூப்போலத் தூறல் பட்டது. நான் துள்ளி எழுந்தேன். அறுபது துண்டையும் மூட்டையாகக் கட்டி, மேலே தார்ப்பாய் சுற்றி, சைக்கிளில் வைத்தேன். அலிமா வாசலில் நின்று, போயிட்டு வாங்க என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

பாவடி வழியாகத்தான் போக வேண்டும். போனேன். அங்கே வாகைமரத்தைச் சுற்றி மூன்று பக்கமும் கயிறு. தெருவில் எத்தனை வீட்டில் பாவுக் கயிறு உண்டோ அத்தனையும் இரவல் வாங்கி, மரத்தை இழுத்துக் கம்பங்களில் கட்டியிருந்தார் மச்சான். தன் மரத்தில் ஒரு கயிறு படக் கூடாது என்று சொன்ன அதே மனிதர். மேற்குப் பக்கத்துக் கம்பு ஈர மண்ணில் பிடுங்கிக்கொண்டு வர, அந்தக் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிப் பின்னால் சாய்ந்து நின்றார். மழையில் தாடி சொட்டியது.

"யாக்கூப், ஒரு நிமிசம் இதப் பிடி லே. வீட்டுல போயி ஒரு கம்பு எடுத்துட்டு வாரேன். விட்டா மரம் சாஞ்சிரும். குஞ்சு மூணும் இன்னைக்கோ நாளைக்கோ பறந்துரும்."

ஒரு நிமிஷம்தானே என்று பிடித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. வீட்டில் வேறு கம்பு இல்லையென்று தன் தறியின் காலையே கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பின்னால் அக்கா மழையில் நனைந்தபடி வந்து நின்றாள். அந்தக் கால் குட்டை, மண்ணில் நிற்கவில்லை. அவர் தெற்குக் கயிற்றைப் பிடிக்கப் போனார், நான் மேற்குக் கயிற்றை விடாமல் நின்றேன்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை. சைக்கிள் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை காற்று வீசும்போதும் பொந்திலிருந்து ஒரு சின்னத் தலை வெளியே வந்து கத்தும். கயிற்றை எப்படி விடுவது? மச்சானைத் திட்டினேன், மரத்தைத் திட்டினேன், அந்தத் தலையையும் திட்டினேன். கயிற்றை மட்டும் விடவில்லை.

பத்து மணி வாக்கில் தூறல் கொஞ்சம் விட்டது. முதல் குஞ்சு பறந்து வேப்பமரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அரை மணி கழித்து இரண்டாவது. மூன்றாவது பொந்து வாயில் வந்து உட்கார்ந்து, வானத்தைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, திரும்ப உள்ளே போய்விட்டது. இப்படி நான்கு தடவை. என் உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. லுஹருக்குப் பாங்கு சொன்னபோது அது வெளியே வந்து, இவ்வளவுதானா என்பது போலப் பறந்து போனது.

மச்சான் கயிறுகளை அவிழ்த்தார். மரம் விழும் என்று நான் தள்ளி நின்றேன். விழவில்லை. ஆடக்கூட இல்லை. ஒரு கயிறும் இல்லாமல் அந்தப் பட்டமரம் அதே இடத்தில் இன்னும் மூன்று சாரல் நின்றது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. அருவியில் நல்ல தண்ணீர், வழியெல்லாம் கூட்டம். பார்வதியம்மாள் விடுதி முன்னால் வேறு ஒருவருடைய துண்டுகள் வரிசையாகத் தொங்கின. ஆச்சி என் உரிந்த கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்து, விழுந்துட்டியா தம்பி என்று கேட்டார். என்ன காரணம் சொல்வது? மரங்கொத்திக் குஞ்சு பறக்கிறவரைக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றா? ஆமாம் ஆச்சி, விழுந்துட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஆடி மாதம் கொழும்புக்குப் புறப்பட்டேன். ரயில் நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள், மச்சானைத் தவிர. வண்டி நகரும்போது ஓடி வந்தார், காலில் சேறு. ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வண்டி வேகம் எடுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்தார் என்று அக்கா சொல்வாள். குளத்தில் அன்று பார்த்ததைச் சொல்ல வந்தார் என்பதுதான் என் கணிப்பு.

கொழும்பில் கடைக்குப் பின்னால் ஒரு மொட்டைத் தென்னை. ஒரு நாள் மூட்டை தூக்கிக்கொண்டு போகிறேன், டொக் டொக்கென்று சத்தம். நின்றுவிட்டேன். அதே சிவப்புக் கொண்டை, அதே மூக்கு, ஆனால் முதுகு மட்டும் நம் ஊர் மாதிரிப் பொன் நிறம் இல்லை. ரத்தச் சிவப்பு. மாமனார் சத்தம் போடுகிறவரைக்கும் நின்று பார்த்தேன். அன்று இரவு அலிமாவுக்கு எழுத உட்கார்ந்தவன், முதலில் மச்சானுக்கு எழுதினேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஐப்பசியில் பதில் வந்தது. இரண்டு பக்கம். நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய், முதுகு சிவப்பாக இருக்காது, வெயில் சாய்ந்த நேரத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும், காலையில் வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி நின்று மறுபடி பார், முதுகு முழுக்கவா, தோள் மட்டுமா என்று எழுது. இதே விஷயம் இரண்டு பக்கமும். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார்:

"அலிமாவுக்குப் பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்."

என் மகள் பிறந்த செய்தி எனக்கு இப்படித்தான் கிடைத்தது, ஒரு மரங்கொத்தியின் முதுகுக்குக் கீழே. கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி, ஓரத்தில் இருந்த அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கயிற்றை விட்டிருந்தால் பிள்ளையை என் கையில் வாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன் தென்னைக்குப் போனேன். வெளிச்சம் எனக்குப் பின்னால் இருக்கும்படி நின்றேன். அது வந்தது. முதுகு முழுக்கச் சிவப்புதான். இதைச் சொல்ல அந்த ஊரில் எனக்கு ஒருத்தரும் இல்லை.