ரோஸ்மேரி சொன்ன அப்பீட்டு

ரோஸ்மேரிக்குப் பனி என்றால் கல்மண்டபத்து ஐஸ் கம்பெனிதான். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வண்டிகளிலிருந்து சிதறும் ஐஸை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். உத்தராஞ்சல் மலையில் முதன்முதலாகப் பனியைப் பார்த்தபோது ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். "மீன் நாத்தமே இல்ல" என்றாள். அந்தப் பயணத்தில் அவளாக வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ராயபுரத்தில் எங்கள் சந்திலேயேதான் அவள் வீடு. அப்பா சவரிநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சிறு வயதில் அவள் அண்ணன் நெல்சனோடும் அவன் கூட்டாளிகளோடும் பம்பரம் விடுவாள். சுற்றுகிற பம்பரத்தின் அடியில் சாட்டையைக் கொடுத்து வெடுக்கென்று மேலே சுண்டி உள்ளங்கையில் பிடிப்பதற்கு அப்பீட்டு என்று பெயர். எல்லாரும் "அப்பீட்டு" என்று கத்திக்கொண்டே பிடிப்பார்கள். இவள் கத்த மாட்டாள், ஆனால் முதலில் பிடித்துவிடுவாள். கத்தாததால் அது செல்லாது என்று பையன்கள் ஏமாற்றுவார்கள். இவள் தோற்றவளைப் போலப் பம்பரத்தை வட்டத்துக்குள் வைத்துவிட்டு நிற்பாள்.

கொஞ்சம் வளர்ந்ததும் அந்தச் சொல் விளையாட்டைத் தாண்டி எங்கள் பேச்சுக்குள் வந்துவிட்டது. இடத்தைக் காலி செய்வது, ஒரு வேலையிலிருந்து நழுவிக்கொள்வது எல்லாமே அப்பீட்டுதான்.

கல்லூரியில் நாங்கள் மூன்று பேர் என்.சி.சி.யில் இருந்தோம். ரோஸ்மேரி, வியாசர்பாடி ஷாலு, நான். முந்தின குளிர்காலம் அதே மலையில் நடந்த முகாமில் பனிச்சறுக்குப் பழகியிருந்தோம். ரோஸ்மேரி பனியை மோந்து பார்த்தது அப்போதுதான். அந்த வருடம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பனிச்சறுக்குப் போட்டிக்குச் சமவெளிக்காரர்களும் அணி அனுப்பலாம் என்று தெரிந்ததும் எங்கள் என்.சி.சி. பொறுப்பாளர் ஆலிஸ் மிஸ் விடவில்லை. துறைமுகச் சாலையில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு காலை வேளைகளில் பழகினோம். மீன் கூடையோடு போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "இன்னாமா, பஸ்ஸு வரலியா, நீயே ஓடிகினு கீற?" என்று ஒரு அம்மா ஷாலுவைக் கேட்டாள். "டிக்கெட் மிச்சம்கா" என்றாள் ஷாலு. அவளுக்கு எதற்கும் பதில் இருக்கும். பயம் என்ற ஒன்று அவளுக்கு உண்டு என்பதே எங்களுக்குப் போட்டிக்காக மலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

போட்டிக்கு ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு அணியும் ஒரு மாணவர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டிக்கு முந்தின மாலை நடுவர்கள் கூட்டத்தில் அந்தப் பிரதிநிதி மட்டும்தான் பேசலாம். பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்திருக்கலாம், வாய் திறக்கக் கூடாது.

"ரோஸிதான்" என்றாள் ஷாலு உடனே. "கான்வென்ட்டு இங்கிலீஷு."

ரோஸ்மேரி இங்கிலீஷிலும் பேச மாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். சென்ட்ரல் ஸ்டேஷனில் வழியனுப்ப வந்த அவள் அப்பா சிரித்தார். "சும்மா நிக்கிறதுக்கு ஆள் வேணும்னா என் பொண்ணுதான் கரெக்டு. எவ்ளோ நேரம் வேணா நிப்பா."

போட்டிக்கு முந்தின நாள் பயிற்சி ஓட்டத்தில்தான் அது நடந்தது. சரிவில் கொடிக் கம்புகள் இரண்டிரண்டாக நட்டு வாசல் மாதிரி வைத்திருப்பார்கள். அவற்றுக்குள் புகுந்து வளைந்து வளைந்து இறங்க வேண்டும். மூன்றாவது வாசலில் பாதை இடது பக்கம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் பனி இல்லை. வெறும் ஐஸ், நீலமாக, கண்ணாடி மாதிரி. ஓரத்தில் தடுப்பு எதுவும் கிடையாது. அதற்கப்பால் பள்ளம். ஷாலு அங்கே வழுக்கி விழுந்து, விளிம்புக்கு ஓர் ஆள் தூரத்தில் போய் நின்றாள். அவள் பனியில் ஊன்றி வந்த இரண்டு கைத்தடிகளில் ஒன்று நிற்கவில்லை. அது விளிம்பைத் தாண்டிப் போயிற்று. கீழே விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தோம். கேட்கவில்லை.

அறைக்கு வந்த பிறகும் ஷாலு கையுறையைக் கழற்றவில்லை. தேநீர் டம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள்.

"கண்ண மூடுனா அந்தப் பள்ளம்தான் தெரியுது ரோஸி. என்னால ஆவாது. நீ போயி சொல்லிடு, நான் அப்பீட்டு."

மூன்று பேர் இல்லாமல் அணி கிடையாது. ஷாலு விலகினால் எங்கள் மூவரின் பெயரும் போய்விடும். அடுத்த வருடம் எங்கள் கல்லூரியை யார் கூப்பிடுவார்கள்? ஷாலு விலகாவிட்டால் காலையில் அதே திருப்பத்தில் மறுபடி இறங்க வேண்டும். அவளுக்குப் பின்னால் ரோஸ்மேரி, அவளுக்குப் பின்னால் நான். ரோஸ்மேரி ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தை முணுமுணுத்துப் பழகிக்கொண்டு கூட்டத்துக்கு நடந்தாள். எங்கள் அணியிலிருந்து ஒருவர் விலகிக்கொள்கிறார், தயவுசெய்து அனுமதிக்கவும். அவ்வளவுதான்.

கூடத்தின் நடுவில் விறகு அடுப்பு எரிந்தது. ஆலிஸ் மிஸ்ஸும் நானும் ஷாலுவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். தலைமை நடுவர் ராவத், மலைக்காரர், வெயிலில் கறுத்த முகம். ஒவ்வொரு பல்கலைக்கழகமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டு அணியின் பிரதிநிதி, காதில் கடுக்கன் போட்ட ஒரு பையன், எழுந்து தங்களுக்குப் பயிற்சி நேரம் போதவில்லை என்று சளசளவென்று பேசினான். பேசி முடித்ததும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவனைப் போல உட்கார முடிந்தால் போதும் என்று எனக்கு இருந்தது.

"மெட்ராஸ்."

ரோஸ்மேரி எழுந்தாள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பழகி வைத்திருந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. அவள் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் ஆலிஸ் மிஸ் செபமாலையைத் தேடிக் கைப்பைக்குள் கைவிட்டார்.

ராவத் காதைக் குவித்தார். "ம்?"

"அப்பீட்டு" என்றாள் ரோஸ்மேரி.

ஷாலு என் தொடையைக் கிள்ளினாள்.

"அப்பீலா?" என்று கேட்டார் ராவத். பேனாவை எடுத்துக்கொண்டார். "எதை எதிர்த்து அப்பீல்?"

அன்றைக்கு அதுவரை யாரும் அப்பீல் செய்யவில்லை. அதற்கும் ஒரு விதி இருந்தது, காலையில்தான் வாசித்துக் காட்டியிருந்தார்கள். ஓட்டப் பாதையை எதிர்த்து ஓர் அணி அப்பீல் செய்தால் நடுவர்கள் அந்தப் பிரதிநிதியோடு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குறை இல்லை என்று தெரிந்தால் அணியை நீக்கிவிடுவார்கள்.

இல்லை சார், நான் சொன்னது வேறு என்று அவள் சொன்னால் முடிந்தது. ஷாலு தப்பித்துக்கொள்வாள், நாங்கள் ரயிலேறிவிடலாம். ரோஸ்மேரி திரும்பி ஷாலுவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"எஸ் சார்" என்றாள். "மூணாவது கேட். அங்க வலை இல்ல." தமிழில் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து இங்கிலீஷில் மறுபடி சொன்னாள். "நோ நெட், சார்."

முன்வரிசையில் யாரோ கடற்கரைக்காரர்களுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று ஹிந்தியில் சொல்ல, சிலர் சிரித்தார்கள். ராவத் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஷாலு ரோஸ்மேரியின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், நான் இன்னா சொன்னேன், நீ இன்னா சொல்லி வச்சிக்கீற?"

"நீ சொன்னததான் சொன்னேன். அந்தாளு காதுல வேற மாரி வுழுந்துச்சு."

"அப்போ திருத்த வேண்டியதுதான?"

ரோஸ்மேரி சாலையோரத்துக்குப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள். ஷாலு ஓடிப்போய் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் ராவத்தும் இன்னும் இரண்டு நடுவர்களும் ரோஸ்மேரியும் சரிவில் பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து இறங்கினார்கள். நாங்கள் மேலே நின்று பார்த்தோம். மூன்றாவது வாசலில் ராவத் நின்று சுற்றிப் பார்த்தார். அங்கே இரவில் மெல்லிசாகப் புதுப்பனி விழுந்து நீலத்தை மூடியிருந்தது. மேலேயிருந்து பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. குறை எதுவும் தெரியவில்லை. எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ரோஸ்மேரி மண்டியிட்டாள். கையுறையைக் கழற்றி உள்ளங்கையால் பனியைத் தள்ளினாள். துறைமுகத்தில் மீன் பெட்டியின் மேல் ஐஸைத் தள்ளிவிட்டுப் பார்ப்பார்களே, அப்படி. ராவத் தன் கைத்தடியை அங்கே குத்தினார். இறங்கவில்லை. இன்னும் பலமாகக் குத்தினார். தடி தெறித்து, கையிலிருந்து நழுவி, மெதுவாகத்தான் போயிற்று, அவசரமே இல்லாத மாதிரி. விளிம்பில் ஒரு கணம் தயங்கி மறைந்தது. ராவத் தலையைச் சாய்த்து நின்றார். அவரும் சத்தத்துக்குத்தான் காத்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

போட்டியைச் சில மணி நேரம் தள்ளிவைத்தார்கள். ஆட்கள் வந்து துளை போட்டுக் கம்பு நட்டு, திருப்பம் முழுக்க ஆரஞ்சு நிற வலை கட்டினார்கள். ரோஸ்மேரி மேலே ஏறி வந்தபோது அவள் விரல்கள் சிவந்து மடங்காமல் இருந்தன. ஆலிஸ் மிஸ் அவற்றைத் தன் கோட்டுக்குள் வைத்து அழுத்திக்கொண்டார்.

ஷாலு புறப்படும் இடத்தில் போய் நின்றாள்.

"வலை கீதுல்ல?" என்றாள்.

"கீது" என்றாள் ரோஸ்மேரி.

ஷாலு போனாள். முதல் வாசல், இரண்டாவது வாசல். மூன்றாவதில் அவள் கால்கள் அகன்றன. நேற்று விழுந்த அதே மாதிரி, அதே இடத்தில் விழுந்தாள். ரோஸ்மேரி கண்ணை மூடவில்லை. ஷாலு உருண்டு விளிம்பை நோக்கிப் போனாள். ஆரஞ்சு வலை பள்ளத்தின் பக்கம் வயிறாக உப்பியது. கம்புகள் வளைந்தன. பிறகு வலை மெல்லத் திரும்பி உள்ளே வந்தது.

வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு வலைக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. சாட்டையைச் சுண்டுவது போல வெடுக்கென்று ஓர் இழுப்பு.

"அப்பீட்டூ" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

அடுத்த எண் ரோஸ்மேரியுடையது. விலகிக்கொள்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் தடிகளை ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்திருந்தாள்.