மூன்று வரிசைக்கும் ஒரே ஃபேஸ்

முந்திரிப் பருப்பு எடுக்கும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம். திருவட்டாறு பக்கம் அப்படி ஒன்றில், தோல் உரிக்கும் கூடத்தில் வெளிச்சம் போதவில்லை, கூடுதலாக நாலு டியூப் மாட்ட வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டிருந்தார். வயரிங் வேலைக்கு ஒரு பெண் வந்து நின்றதில் வாட்ச்மேனுக்குச் சந்தேகம். லைசென்ஸைக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

கூடத்தில் மூன்று வரிசையாகப் பெண்கள். பருப்பில் தோல் ஒட்டியிருக்கிறது என்று கூடைகள் திரும்பி வருகின்றனவாம். கண்ணாடி வாங்கிப் போடச் சொன்னாராம் முதலாளி. முன்வரிசை அக்கா ஒருத்தி மெதுவாகச் சொன்னார்: "எனக்க கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல மக்கா. அவரு ரூம்ல ஏசி போட்டா இங்க வெளிச்சம் மங்குது."

மெயின் பெட்டியைத் திறந்தேன். மூன்று ஃபேஸும், அதாவது சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கரண்ட் வரும் மூன்று கம்பிகளும் வந்திருந்தன. ஆனால் கூடத்து விளக்குகள், உலர்த்தும் அறை ஃபேன்கள், முதலாளியின் ஏசி எல்லாம் சிவப்பு ஃபேஸிலேயே தொங்கின. கட்டடத்தை நீட்ட நீட்ட, வந்தவனெல்லாம் கைக்கு எட்டிய கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். சிவப்புக் கம்பியின் உறை கருகத் தொடங்கியிருந்தது. மஞ்சளும் நீலமும் சும்மா கிடந்தன.

புது டியூப் வேண்டாம், கம்பியை மாற்றி, சுமையை மூன்றிலும் பிரித்தால் போதும், அதற்கு ஒரு நாள் கரண்டை நிறுத்த வேண்டும் என்றேன். ஆபீஸை நிறுத்த முடியாது என்றார் முதலாளி.

"சொன்ன வேலைய மட்டும் செய்தா போதும்."

"இந்தக் கம்பியில இன்னொரு டியூப் நான் மாட்டமாட்டேன். தீப்பிடிச்சா கூடத்துக்குள்ள இருக்கது இவிய எல்லாரும்."

வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகவில்லை. நேரே கூடத்துக்குப் போய், பார்த்ததை அந்தப் பெண்களிடம் சொன்னேன். பயமாகத்தான் இருந்தது. அந்த அக்கா மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். வரிசை வரிசையாக மற்றவர்களும் எழுந்தார்கள். கம்பியைச் சரியாக்கினால் உட்காருகிறோம் என்று அக்காதான் முதலாளியிடம் சொன்னார். அவர் கத்தினார், யார் யாருக்கோ போன் போட்டார். ஒருத்தியும் உட்காரவில்லை. சாயங்காலம் முதலாளி இறங்கி வந்தார், ஞாயிற்றுக்கிழமை கரண்டை நிறுத்திக்கொள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை செய்து, கருகிய கம்பியை மாற்றினேன். ஒரு வரிசைக்கு ஒரு ஃபேஸ். ஃபேன்களையும் ஏசியையும் வேறுவேறாகப் பிரித்தேன். திங்களன்று எல்லாம் ஓடும்போது மீட்டரை மாட்டிப் பார்த்தேன். மூன்று ஃபேஸிலும் சுமை ஏறக்குறைய ஒப்பாக இருந்தது. ஏசி ஓடியது, விளக்கு மங்கவில்லை.

அதன்பின் அவர் என்னைக் கூப்பிடவில்லை. வேலைக்காரிகளைத் தூண்டிவிடுகிறவள் என்று மற்ற முதலாளிகளிடமும் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். இப்போதும் எங்கே பெட்டியைத் திறந்தாலும், பார்த்ததை அங்கே விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.